மீடியம் அக்காவின் முதுகு

பெண்களுக்கு என்று எங்கள் கம்பெனி தைத்து அனுப்பிய மேல்சட்டைகளில், கழுத்துப் பட்டியில் நடு அளவு என்று முத்திரை போட்டவை அத்தனையும் ஒரே ஒருத்தியின் உடம்புக்கு வெட்டியவை. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. முதலில் மீடியம் என்று கூப்பிட்டார்கள். வயது ஏறிய பிறகு மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் அவளுக்கு மூத்தவள் என்பதால் எனக்கு அவள் வெறும் மீடியம்தான்.

நான் தையல் தெரிந்தவள் அல்ல. நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தவள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, திருப்பிப் போட்டு, என் இடுப்பே மக்கர் பண்ணத் தொடங்கியதும் கம்பெனியின் முதலுதவி அறையில் வந்து உட்கார்ந்தேன். ஊசி ஏறிய விரல், கத்தரி பட்ட கை, மயக்கம், வயிற்றுவலி என்று என் பொழுது போகும். என்னை நர்ஸம்மா என்றார்கள். நான் நர்ஸ் இல்லை என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். கேட்பார் இல்லாததால் விட்டுவிட்டேன்.

என் அறைக்கும் பேட்டர்ன் அறைக்கும் நடுவே ஒரு மரத்தடுப்பு. அதன் மேல்பாதி கண்ணாடி. அங்கே நடப்பதை நான் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தலையை நிமிர்த்தினால் போதும்.

பேட்டர்ன் என்பது அட்டை. முன்பாகம், பின்பாகம், கை என்று ஓர் உடம்பைப் பிரித்துத் தட்டையாக்கி வெட்டிய அட்டைகள், சுவர் ஆணிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். சாதாரணத் துணியென்றால் உடம்பின் அளவுக்கு மேல் கொஞ்சம் விட்டு வெட்டுவார்கள். இல்லாவிட்டால் கையைத் தூக்க முடியாது. நாங்கள் தைக்கும் பனியன் துணிக்கு அந்தக் கணக்கு தலைகீழ். அது இழுத்தால் வரும் என்பதால் உடம்பைவிடச் சின்னதாக வெட்ட வேண்டும். எவ்வளவு சின்னதாக என்பதில்தான் அட்டை வெட்டும் மாஸ்டரின் தலைவலி முழுதும் இருந்தது. ஒரு துணி சொன்னபடி கேட்கும். இன்னொன்று பிடிவாதம் பிடிக்கும். வேறொன்று இழுத்தால் வரும், திரும்பிப் போகாது. ஒரே அட்டையை வைத்து எல்லாவற்றையும் வெட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சட்டையாகத்தான் வந்து நிற்கும்.

அதனால்தான் மாஸ்டருக்கு ஓர் உடம்பு தேவைப்பட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் இஞ்ச் டேப்பும் கையுமாகப் பகுதி பகுதியாகப் போய்ப் பெண்களை அளந்தாராம். சிரிப்பும் கூச்சமும் தாங்காமல் பாதிப் பேர் கழிப்பறைக்குள் ஓடி ஒளிந்தார்கள். செக்கிங் மேசையில் இருந்த ஒருத்தி மட்டும், "சீக்கிரம் அளந்துட்டுப் போங்க மாஸ்டர், எனக்கு வேலை கிடக்கு" என்று கையை அகல விரித்து நின்றாள். தோள், மார்பு, இடுப்பு எல்லாம் மாஸ்டரின் அளவு அட்டவணையில் அச்சடித்த எண்களோடு பொருந்தின. அன்றே அவளைப் பேட்டர்ன் அறைக்கு மாற்றினார்கள்.

வெறுமனே நின்றிருந்தால் அவளுக்கும் பொம்மைக்கும் வித்தியாசம் இருந்திருக்காது. அவள் நின்றபடியே பேசுவாள். மாதிரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அறை நடுவே கிடந்த பலகை மேல் ஏறுவாள். கையைத் தூக்குவாள், குனிவாள், முக்காலியில் உட்கார்ந்து எழுவாள். பிறகு தீர்ப்பு வரும். இடது அக்குளில் கடிக்கிறது. உட்கார்ந்தால் இடுப்பில் சுருண்டு ஏறுகிறது. கழுத்துப் பட்டி மூச்சு விட இடம் கொடுக்கவில்லை. மாஸ்டர் சாக்குக்கட்டியால் கோடு போடுவார். அவள் சரி என்றால்தான் அட்டை ஆணிக்குப் போகும். சட்டை கடைக்குப் போய், கடையிலிருந்து தெருவுக்குப் போகும். தெருவில் எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு யாராவது எதிரே வந்தால் அவள் நடையை மெதுவாக்கி, அக்குளையும் தோளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். ஓவர்லாக் மெஷினில் இருந்த பெண்கள் அவளைக் கிண்டல் செய்வார்கள்: "மீடியம் அக்கா, நீங்க தும்மினா ஊர்ல பாதிச் சட்டைக்குத் தையல் விட்டுப்போகும்." அவள் அதை மறுக்க மாட்டாள்.

கல்யாணமாகிப் போன சிறிது காலத்திலேயே அவள் திரும்பி வந்துவிட்டவள். ஏன் என்று அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. தம்பி வீட்டில் இருந்தாள். தம்பி மின்விசிறி பழுது பார்ப்பவன். முன்னறையில் கால் வைக்க இடமில்லாமல் இறக்கை கழற்றிய விசிறிகள் கிடக்கும். உள்ளறையில் தம்பியும் மனைவியும் பிள்ளைகளும். சமையல் அறையை ஒட்டிய ஒடுங்கிய தடுப்பில் மீடியத்தின் கட்டில். தம்பி மனைவிக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். மீடியம் தட்டை எடுத்ததுமே அவள் ஆரம்பித்துவிடுவாள். "எங்க அண்ணியோட வயிறு கம்பெனிச் சொத்து. அவங்களுக்குன்னு சொந்தமா இருக்கிறது பல்லு மட்டும்தான்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அதில் பொய் இல்லை. ஒரு சுற்று பெருத்தாலும் ஒரு சுற்று இளைத்தாலும் தன் வேலை போய்விடும் என்று மீடியத்துக்குத் தெரியும். இரண்டாம் முறை பரிமாற வந்தால் தட்டை மூடிக்கொள்வாள். எண்ணெயும் பாலும் அவளுக்கு ஆகாதவை. மதியம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதைவிடப் பேசியதுதான் அதிகம். அளவைக் காப்பாற்றினாள். எலும்பைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நான் அங்கே வந்து சேர்ந்து சொன்னபோது காலம் கடந்திருந்தது.

ஒரு விடுமுறை நாளில், ஊறவைத்த போர்வை இருந்த வாளியைக் குளியலறையிலிருந்து தூக்கினாள். முதுகுக்குள் குச்சி ஒடிந்தது போல இருந்தது என்று பின்னால் சொன்னாள். அப்போது சொன்னது சதைப்பிடிப்பு என்று மட்டும்தான். சில நாள் படுத்திருந்துவிட்டு வந்து மறுபடி பலகையில் ஏறினாள். வலி மாத்திரைக்காக என்னிடம் வரத் தொடங்கினாள். எக்ஸ்ரே எடு என்றேன். பார்க்கலாம் நர்ஸம்மா என்றாள். அடுத்த தடவையும் எடு என்றேன், அடுத்த தடவையும் பார்க்கலாம் என்றாள். பிடி கொடுக்கவே இல்லை. சில மாதம் கழித்து, வாளியும் இல்லை, போர்வையும் இல்லை, இருமியதிலேயே இன்னொரு முறை அப்படி ஆயிற்று. கொண்டை போடுவதை விட்டுவிட்டுப் பின்னலைத் தொங்கவிட்டாள். விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று தோளைச் சுற்றி ஒரு துண்டு போட்டுக்கொண்டாள். சட்டையைப் போட்டுப் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் துண்டை எடுப்பாள்.

மாஸ்டர் அவளைத் தினமும் பார்ப்பவர். தினமும் பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியாது. நோயாளி வீடுகளில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எப்போதாவது வரும் சொந்தக்காரர்தான் ஆள் பாதியாகிவிட்டாரே என்று அலறுவார். மாஸ்டருக்குத் தெரிந்ததெல்லாம், மாதிரிச் சட்டையின் பின்பாகம் மேலே இழுத்துக்கொண்டு போகிறது என்பது மட்டும். பின்பாகத்தில் நக அகலம் கூட்டினார். முன்பாகத்தில் துணி மிச்சமாக மடிந்ததால் அங்கே நக அகலம் குறைத்தார். அவள் மேல் சட்டை கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த மாடலுக்கு அதே அட்டைதான் அடிப்படை. அதிலும் நக அகலம். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தது எவ்வளவு என்று யாருடைய கண்ணிலும் படவில்லை. கொஞ்சம் பிசகினாலும் பனியன் துணி இழுத்துக்கொடுத்துச் சமாளித்துவிடும். எவ்வளவு தூரம் சமாளிக்கும் என்பதற்கும் ஓர் எல்லை இருந்தது.

கடைகளிலிருந்து சட்டைகள் திரும்பி வரத் தொடங்கின. எல்லாவற்றிலும் ஒரே குறை. பின்கழுத்துக்குக் கீழே துணி மடிந்து மூட்டையாக நிற்கிறது. முன்னால் கீழ் ஓரம் மேலே ஏறுகிறது. தோள் தையல் முன்பக்கம் வந்து விழுகிறது. மாஸ்டர் ஒரு சட்டையை எடுத்து மீடியத்துக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு சுருக்கம் கிடையாது. துணியை வெட்டுவதற்கு முன் விரித்து ஆறப் போட்டுச் சுருங்க விடவில்லை என்று வெட்டுகிறவர்களிடம் பாய்ந்தார். ஆறப் போட்டு வெட்டியும் அதே குறைதான் வந்தது. கழுத்துப் பட்டியை இழுத்துப் பிடித்துத் தைக்கிறார்கள் என்று தையல் பெண்களைக் கண்ணில் விரல் விட்டு ஆட்டினார். அவர்கள் பட்டியைப் பிரித்து அவர் முன்னாலேயே தைத்துக் காட்டினார்கள். பிறகு மூலையில் தூசி படிந்து நின்ற பொம்மையை இழுத்து வந்து அதன்மேல் மாட்டினார். மூட்டை மூட்டையாகச் சுருக்கம் விழுந்தது.

"இது பொம்மையோட கோளாறு" என்று அதைத் திரும்ப மூலைக்குத் தள்ளினார். "பொம்மை மூச்சு விடுமா? பனியன் துணிக்கு உயிருள்ள உடம்புதான் சாட்சி."

தையல் உலகத்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் அதை நம்பினார். மேனேஜர் நம்பவில்லை. அவர் கெட்டவர் அல்ல, திரும்பி வந்த பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர். கம்ப்யூட்டரில் அட்டை போடும் புது மாஸ்டர் ஒருவரைப் பார்த்து வைத்திருப்பதாகவும், அடுத்த மாதிரியும் இப்படியே வந்தால் அவரை அழைத்துவிடப் போவதாகவும் மாஸ்டரிடம் சொல்லிவிட்டார்.

அதற்கு மறுநாள் காலையில் மாஸ்டர் என் அறைக்கு வந்தார். அந்தத் தடுப்பைத் தாண்டி அவர் வந்தது அதுவே முதல் தடவை. நாற்காலியில் உட்காரவில்லை.

"நர்ஸம்மா, உங்ககிட்ட எழுத்துப் போட்ட அட்டை இருக்குல்ல? என் கண்ணு போயிடுச்சான்னு பாருங்க."

பார்த்தேன். ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொன்னேன். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரிக்கு முந்தின வரி வரை படித்தார். கண்ணில் ஒன்றும் இல்லை என்றேன். அதைக் கேட்டு அவருக்கு நிம்மதி வரவில்லை. கண்ணில் கோளாறு என்றாவது இருந்திருக்கலாம் என்பது போல நின்றார்.

"அப்ப எங்க தப்பு? அந்தம்மாவுக்குப் போட்டா அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. வேற யாருக்குப் போட்டாலும் பின்னால மூட்டை கட்டுது. ஊர்ல இருக்கிற பொம்பளைங்க எல்லாம் ஒரே நாள்ல கோணலாயிட்டாங்களா?"

எனக்கு அட்டையும் தெரியாது, அளவும் தெரியாது. ஆனால் அவர் சொன்னது எந்த உடம்பைப் பற்றி என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. முதுகு வளைந்தால் பின்பக்கம் நீளும், முன்பக்கம் குறுகும். வளைந்த கிழவிகளுக்கு எத்தனை இரவிக்கைகளை நான் முன்னால் மடித்துக் குத்திவிட்டிருக்கிறேன். மாஸ்டரிடம் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் மாத்திரைக்கு வந்தவளின் உடம்பைப் பற்றி இன்னொருவரிடம் பேச எனக்கு உரிமை இல்லை. அவரைப் போகச் சொல்லிவிட்டு, மதிய இடைவேளையில் மீடியத்தைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

சுவரை ஒட்டி நில் என்றேன். குதிகாலையும் இடுப்பையும் சுவரோடு சேர்த்தாள். பின்தலை சுவரைத் தொடவில்லை. நடுவில் என் மூடிய கை போகுமளவு இடைவெளி. கையை விரிக்கச் சொல்லி, அவளுடைய டேப்பாலேயே விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளந்தேன். பிறகு உயரத்தை அளந்தேன். பெரும்பாலோருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அவளுடைய உயரம் கைவிரிப்பு அளவுக்கு வெகுவாகக் கீழே போயிருந்தது.

"நீ குள்ளமாயிட்டே" என்றேன்.

அவள் டேப்பை என் கையிலிருந்து வாங்கிச் சுற்றத் தொடங்கினாள். "தெரியும் நர்ஸம்மா."

"எத்தனை நாளா தெரியும்?"

"சட்டை திரும்பி வர்றதுக்கு முன்னாடியே தெரியும். பின்பக்கம் கூட்டுறாரு, முன்பக்கம் குறைக்கிறாரு. எதுக்காகக் குறைக்கிறாருன்னு போட்டிருக்கிறவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா இறங்குன்னு சொல்லுவாங்க. இறங்கி எங்க போறது? எனக்கு நிக்க மட்டும்தான் தெரியும்." சுற்றிய டேப்பைப் பிரித்து மறுபடி சுற்றினாள். "மாஸ்டரை அனுப்பப் போறாங்களாமே?"

ஆமாம் என்றேன். தேன் தடவிச் சொல்ல எனக்கு வராது. அவர் கண் பரிசோதனைக்கு வந்துபோனதையும் சொன்னேன். அவர் உடம்பில் கோளாறு இல்லை என்பதால் அதைச் சொல்வதில் தப்பில்லை என்று எனக்குப் பட்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குமேல் குனிய அந்த முதுகில் அதிக இடமில்லை.

மாஸ்டரிடம் சொல்வது உன் வேலை, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என் வேலை, என் வேலையை நான் வரும் விடுமுறையன்று செய்துவிடுவேன் என்றேன். அவள் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சொன்ன நாளில் அவள் வீட்டுக்குப் போனேன். தம்பி விசிறி ஒன்றை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான். அக்காவுக்கு என்ன என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமலே திருகாணியைத் தேடினான். பயந்தவன் அப்படித்தான் செய்வான். தம்பி மனைவி என்னைச் சமையல் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். துணி உலர்த்தும் கயிற்றைக் காட்டினாள். அண்ணிக்கு எட்டவில்லை என்று அவள் அதைக் கீழே இறக்கிக் கட்டியிருக்கிறாள். பிறகு மேல்தட்டில் இருந்த டப்பாக்களை எல்லாம் கீழ்த்தட்டுக்கு மாற்றியிருக்கிறாள். அண்ணியிடம் கேட்டால் கோபித்துக்கொள்வாள் என்று எதையும் கேட்காமலே இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறாள்.

"எல்லாத்தையும் இறக்கிட்டேன் நர்ஸம்மா. இனிமே தரையிலதான் வெக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். முதுகெலும்பில் இரண்டு கட்டைகள் முன்பக்கம் அமுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தன. எலும்பு முழுக்க வலுவிழந்திருக்கிறது என்றார் டாக்டர். அமுங்கியது நிமிராது. மேலும் அமுங்காமல் பார்த்துக்கொள்ள மருந்தும், உடம்பைச் சுற்றி இடுப்பிலிருந்து மார்புவரை இறுக்கும் பட்டையும் எழுதினார். எடை தூக்கக் கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது. மீடியம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும், பட்டையை எப்போதிலிருந்து கட்ட வேண்டும் என்று கேட்டாள். இன்றிலிருந்தே என்றேன். ஒரே ஒரு தடவை சட்டை போட்டுப் பார்த்துவிட்டுக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். அந்த ஒரு தடவை எதற்கு என்று எனக்குப் புரிந்ததால் தடுக்கவில்லை.

புது மாதிரிச் சட்டை தயாரான அன்று மேனேஜரும் பேட்டர்ன் அறைக்கு வந்து சுவரோரம் நின்றார். மாஸ்டர் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். மீடியம் திரைக்குப் பின்னால் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் தனியாக வரவில்லை. பேக்கிங் பகுதியில் வேலை செய்கிற ஒருத்தியையும் கூட்டி வந்திருந்தாள். ஓங்குதாங்கான பெண், மார்பும் இடுப்பும் மீடியத்தின் அளவே. அவள் உடம்பிலும் அதே அட்டையில் வெட்டிய அதே சட்டை. என்ன நடக்கிறது என்று தெரியாமல் அந்தப் பெண் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் வழக்கம்போல முன்னால் வந்து நின்றார். பிறகு பின்னால் போனார்.

"அங்க வேணாம் மாஸ்டர்" என்றாள் மீடியம். "பக்கவாட்டுல வந்து பாருங்க. ரெண்டு பேரையும் சேர்த்துப் பாருங்க."

மீடியம் பலகை மேலும் பேக்கிங் பெண் அதை ஒட்டித் தரையிலுமாக, சன்னல் பக்கம் தோள் காட்டி, ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். மீடியம் பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எழுந்து நின்றேன். பேக்கிங் பெண்ணின் முதுகு கதவு மாதிரி நேராக இருந்தது, அதன்மேல் துணி மூட்டையாக மடிந்திருந்தது. மீடியத்தின் முதுகு மேலே உருண்டு, கழுத்து முன்னால் போய், தலை அதற்கும் முன்னால் நீண்டிருந்தது. அதன்மேல் சட்டை ஒரு சுருக்கம் இல்லாமல் தோல் மாதிரி படிந்திருந்தது.

மாஸ்டர் நெடுநேரம் பார்த்தார். கழுத்தில் தொங்கிய டேப்பைத் தொட்டவர் அதை எடுக்கவில்லை. நோயாளி வீடுகளில் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு நிற்கும் ஆண்கள் இப்படித்தான் நிற்பார்கள்.

"ஏம்மா" என்றார்.

"சட்டை சரியாத்தான் இருக்கு மாஸ்டர். நீங்க சரியாத்தான் வெட்டியிருக்கீங்க. ஆள்தான் மாறிட்டேன்."

மேனேஜர் என்ன ஆயிற்று என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டியவள் மீடியம். ஆனால் மாஸ்டர் முந்திக்கொண்டார். முன்னாலும் பின்னாலும் நின்று பார்த்தேனே தவிர ஒரு நாளும் பக்கவாட்டில் நின்று பார்க்கவில்லை, தவறு என்னுடையது, பழைய அட்டையிலிருந்து மறுபடி ஆரம்பித்தால் சரியாகிவிடும் என்றார். மேனேஜர் மீடியத்தை ஒரு முறை பார்த்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மீடியம் பலகையிலிருந்து இறங்கினாள். கை கொடுக்கப் போன மாஸ்டரைத் தடுத்துவிட்டு, அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, "ஏறு" என்றாள். பேக்கிங் பெண் ஏறினாள். எங்கே பிடிக்கிறது என்று மாஸ்டர் கேட்டார். எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார் என்றாள் அவள். மீடியம் என் அறைக்கு வந்து, கண்ணாடிக்குத் திரையை இழுத்துவிட்டு, சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். நான் பட்டையை எடுத்துக் கட்டினேன். மூச்சை இழு என்றேன், இழுத்தாள். கடைசிக் கொக்கியையும் மாட்டினேன்.

மாஸ்டரை அவர்கள் அனுப்பவில்லை. அவளையும் அனுப்பவில்லை. பிசிறு நூல் வெட்டும் மேசையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை என்று அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார்கள். நாள் முழுக்கத் தலையைக் குனிந்து நூல் தேடுவது அந்த முதுகுக்கு நிற்பதைவிடக் கேடு. சொன்னேன். சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தாள். பிறகு ஒரு நாள் தானாகவே வேலையிலிருந்து நின்றுகொண்டாள். யாருக்கும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பேக்கிங் பெண்ணை அதற்குள் மீடியம் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அக்கா சேர்க்க அவளுக்கு இன்னும் வயதாகவில்லை.

விடுமுறை நாட்களில் நான் போய் அவளைக் குளிப்பாட்டிப் பட்டை கட்டிவிட்டு வருவேன். தம்பி மனைவிக்கும் கற்றுக்கொடுத்தேன். கெட்டிக்காரி, ஒரு தடவை பார்த்ததும் பிடித்துக்கொண்டாள். சட்டைதான் பிரச்சினையாக இருந்தது. பட்டைக்கு மேல் எந்தச் சட்டையும் ஏறவில்லை. தம்பி மனைவி ஒன்றிரண்டை முன்பக்கம் வெட்டி நாடா வைத்துக் கட்டிப் பார்த்தாள். அது தலையணை உறைக்குள் ஆளைப் போட்ட மாதிரி இருந்தது. நான் அதைச் சொன்னதும் அவளே, "கம்பெனி உடம்புக்கு வீட்டுத் தையல்" என்று சிரித்தாள். மீடியமும் சிரித்தாள். ஆனால் வாசலுக்கு யாராவது வந்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு விடுமுறையன்று நான் இருக்கும்போதே மாஸ்டர் வந்தார். விசிறிகளுக்கு நடுவில் வழி தேடி உள்ளே வந்து, கொண்டுவந்த பனியன் துணியைக் கட்டிலில் வைத்தார். நல்ல துணி, மெத்தென்று இருந்தது. அளவெடுக்க வந்திருப்பதாகச் சொன்னார். மீடியம் எழுந்து நின்றாள். பழக்கம், கை தானாக விரிந்தது. அவர் பட்டைக்கு மேல் மார்பை அளந்தார், கழுத்திலிருந்து பின்பக்கத்தை அளந்தார், முன்பக்கத்தை அளந்தார். அளவுகளை அவர் சொல்லச் சொல்ல, தம்பி மனைவி பிள்ளையின் பென்சிலால் செய்தித்தாள் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

"எப்படி இருக்கணும்மா?" என்று கேட்டார்.

"அக்குள்ல ஒரு விரல் தாராளமா விட்டா, கை தூக்குறவங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"கை தூக்குறவங்க இருக்கட்டும். உனக்கு எப்படி வேணும்?"

அவள் கைகள் இன்னும் விரிந்தபடியே இருந்தன. எல்லாருக்காகவும் பதில் சொல்லிப் பழகியவளுக்குத் தன் விருப்பம் எது என்று யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. நான் அவளுடைய கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன். தோள் வலித்துவிடும்.

"லூசா வேணும் மாஸ்டர்" என்றாள்.

"பனியன் துணியில லூசா வெட்டினா தொங்கும்மா. உருவமே நிக்காது."

"தொங்கட்டும்."

மாஸ்டர் கட்டிலில் இருந்த துணியைப் பார்த்தார். அப்படி அவர் ஒரு நாளும் வெட்டியவர் அல்ல. அவர் முகத்திலேயே அது தெரிந்தது. பிறகு டேப்பை மறுபடி அவள் மார்பைச் சுற்றிப் போட்டு, இறுக்கிப் பிடித்த விரல்களைத் தளர்த்தி, இன்னும் தளர்த்தி, புது அளவைச் சொன்னார். தம்பி மனைவி பழையதை அடித்துவிட்டு எழுதிக்கொண்டாள்.